சிறுவெண்பாக்கத்துக் கேள்விகள்

சிஸ்டர் வியாகுலமேரிக்குப் பெயரில் மட்டும்தான் வியாகுலம். சிரிக்கக் கூடாத இடத்தில் சிரித்துவிடுகிற பழக்கம் சின்ன வயதிலிருந்தே இருந்தது. கன்னியர் மடத்தில் பயிற்சிக்கு இருந்த காலத்தில், பூசை நடுவே சாமியாரின் அங்கி மெழுகுவர்த்தித் தண்டில் மாட்டிக்கொண்டதைப் பார்த்துச் சிரித்ததற்காக ஒரு வாரம் மடத்துப் பாத்திரங்களையெல்லாம் தேய்த்தவர். அப்புறம் திண்டுக்கல் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பன்னிரண்டு வருஷம் கணக்கு டீச்சர். நாற்பதைத் தாண்டியபோது, உத்திரமேரூருக்குத் தெற்கே சிறுவெண்பாக்கத்தில் சபை திறந்த சின்ன மருந்தகத்துக்கு அவரை மாற்றினார்கள். ஊசி போடத் தெரியாது. சீட்டு எழுதுவது, காலனிப் பெண்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது, முடியாதவர்களைச் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் அழைத்துப் போவது, இதெல்லாம்தான் அவர் வேலை. கட்டம் கட்டமாக அச்சடித்த ஒரு படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னால் அவருக்கு அன்று பண்டிகை.

ஆகவே 1979 ஜனவரியில் பிரஸ்ஸல்ஸிலிருந்து அந்தக் கனத்த உறை வந்தபோது, மதர் ஞானம்மாள் யோசிக்கவே இல்லை. பிரித்து ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராக வியாகுலமேரியின் மேசைக்கு அனுப்பிவிட்டார். பல நாட்டுக் கன்னியர் சபைகள் சேர்ந்து நடத்துகிற ஒரு கூட்டமைப்பு அனுப்பியிருந்தது. அந்த வருஷம் சர்வதேசக் குழந்தைகள் ஆண்டு. ஜூன் மாதம் ஜெனீவாவில் பல அரசாங்கங்களின் பிரதிநிதிகள் கூடி ஏழைத் தாய்மார்களைப் பற்றியும் குழந்தைகளைப் பற்றியும் பேசப் போகிறார்கள். அவர்கள் முன்னால் சிஸ்டர்களும் எழுந்து பேசப் போகிறார்கள். அதற்கு ஏழைகளின் வாயிலிருந்தே விவரம் வேண்டும் என்று அறுபத்துநாலு கேள்விகள் கொண்ட படிவம், இருபது பிரதிகள்.

ஏரி நிரம்பி, உபரி நீர் கலங்கலில் வழிந்த வருஷம் அது. நவரைப் பருவத்து நடவு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. காலனிப் பெண்கள் விடியலில் வயலில் இறங்கினால் பொழுது சாயும்போதுதான் கரையேறுவார்கள். அவர்களைப் பிடிக்க ஒரே நேரம் மத்தியானச் சாப்பாடு. வியாகுலமேரி படிவங்களையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு, முத்துகிருஷ்ணன் பண்ணை வயலுக்கு வரப்பு வழியாக நடந்து போனார்.

நாவல் மரத்தடியில் பெண்கள் தூக்குவாளியைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார்கள். நடவுக் கூட்டத்தைக் கூட்டி வருகிறவள் செங்கேணி. முப்பத்தைந்து வயசு, வயலில் இரண்டு வரப்புக்கு அப்பால் நிற்பவருக்கும் கேட்கிற குரல். அவளுக்குப் பக்கத்தில் முனியம்மாள், நடவில் அந்த ஊரிலேயே வேகமான கை. கடைசியில் பாஞ்சாலி. அவளுக்கு மூன்று மாதக் கைக்குழந்தை. நாவல் கிளையில் கட்டிய தூளியில் கிடந்தது.

"முதல் கேள்வி," என்று வியாகுலமேரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "உங்க வீட்டில் மொத்தம் எத்தனை அறை?"

"அறைன்னா?"

"ரூம்."

"ஒண்ணுதான் கீது. அதுல பாதி ஆட்டுக்கு," என்றாள் முனியம்மாள்.

வியாகுலமேரி அரை என்று எழுதலாமா என்று யோசித்து, ஒன்று என்றே எழுதினார். "போன ஏழு நாளில் எத்தனை தடவை கறி, மீன், முட்டை சாப்பிட்டீங்க?"

"நத்த கணக்குல வருமா சிஸ்டரம்மா?"

படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நத்தைக்குக் கட்டம் இல்லை. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெண்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் தூளியில் குழந்தை அழ ஆரம்பித்தது. பாஞ்சாலி எழுந்து ஓடி அதைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

"காலையிலருந்து அஞ்சு தபா அயுதுது சிஸ்டரம்மா," என்றாள் தலையை நிமிர்த்தாமல். "மார் கட்டிக்கினு பொடவையெல்லாம் நனைஞ்சி போச்சு. ஏறி வந்து குடுக்கலாம்னா மேஸ்திரி வுடறதில்ல. ஒருத்தி ஏறினா வரிசை கலைஞ்சிடுமாம்."

மேஸ்திரி வேதகிரி அப்போது சற்றுத் தள்ளி வரப்பின் மேல் குடையோடு நின்றிருந்தார். காதில் விழுந்ததோ என்னவோ, வாய்க்கால் தண்ணீரைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வியாகுலமேரி படிவத்தில் தேடினார். 'குழந்தைக்கு எத்தனை மாதம் வரை தாய்ப்பால் கொடுத்தீர்கள்' என்று ஒரு கேள்வி இருந்தது. கொடுக்க விட்டார்களா என்று எந்தக் கேள்வியும் இல்லை.

செங்கேணி கையைக் கழுவிக்கொண்டு வந்து அவருக்கு எதிரே குந்தினாள். "இந்த அறுவத்தி நாலையும் கேக்கறது யாரு சிஸ்டரம்மா?"

"வெளிநாட்டில் இருக்கிற சிஸ்டர்கள். அவங்க போய்ப் பெரிய பெரிய ஆளுங்க முன்னாடி உங்களுக்காகப் பேசுவாங்க."

"எங்கள இத்தினி கேக்கறாங்களே. நாங்க ஒண்ணு கேட்டா அவங்க பதில் சொல்லுவாங்களா?"

"கேட்டா சொல்லாம இருப்பாங்களா," என்று வியாகுலமேரி சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று யோசித்தார்.

"அப்ப எயுதிக்கோங்க," என்றாள் செங்கேணி.

அவர் படிவத்தைத் திருப்பி, வெறுமையாக இருந்த முதுகுப் பக்கத்தில் எழுதிக்கொண்டார். மழை பெய்தால் அந்தப் பெரிய ஆளுங்க வீட்டில் எந்த மூலையில் படுப்பார்கள் என்று முனியம்மாள் கேட்டாள். இந்த அறுபத்துநாலு கேள்வியையும் ஒருத்தர் உட்கார்ந்து எழுதினாரே, அந்த நேரம் அவர் வீட்டில் சோறாக்கியது யார் என்று இன்னொருத்தி கேட்டாள். உங்க ஊரில் ஏழைங்க இருக்கிறார்களா, இருந்தால் அவர்களைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டீர்களா என்பது செங்கேணியின் கேள்வி. பாஞ்சாலி வெகுநேரம் எதுவும் கேட்கவில்லை. வேதகிரி குடையை மடக்கி "எறங்குங்கம்மா" என்று குரல் கொடுத்தபோது, குழந்தையைத் தூளியில் போட்டுக்கொண்டே சொன்னாள்: "மார் கட்டிக்கினா, அந்த ஊர்ல வேலைய நிறுத்திட்டு கொயந்தைக்குப் பால் குடுக்க வுடுவாங்களான்னு கேளுங்க சிஸ்டரம்மா."

எண்ணிப் பார்த்தபோது ஒன்பது கேள்விகள் இருந்தன. அறுபத்துநாலில் இரண்டுக்குத்தான் பதில் கிடைத்திருந்தது.

மதர் ஞானம்மாள் முன்னால் அந்தத் தாளை வியாகுலமேரி தயங்கித் தயங்கி வைத்தார். ஒரு வேலையைக் கொடுத்தால் அதைச் செய்யாமல் வேறொன்றைச் செய்துகொண்டு வருகிறாய் என்று மதர் பலமுறை சொல்லியிருக்கிறார். மதர் தாளை நிதானமாகப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார்.

"மூன்றாவது கேள்விக்கு நமக்கே பதில் தெரியாதே," என்றார். சமையல் செய்வது யார் என்கிற கேள்வி அது. மடத்துச் சமையல்காரி செல்லம்மாள் பின்கட்டில் அம்மி அரைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்று இரண்டு பேரும் இதுவரை கேட்டதில்லை.

"படிவத்தை மறுபடியும் எடுத்துட்டுப் போய் நிரப்பட்டுமா மதர்?"

"வேண்டாம். இதையே இங்கிலீஷில் எழுதி அனுப்பு. கையெழுத்து மட்டும் நன்றாக இருக்கட்டும்."

அனுப்பிய பிறகு இரண்டு மாதம் ஒரு தகவலும் இல்லை. கோபித்துக்கொண்டார்கள் என்று வியாகுலமேரி முடிவு கட்டிவிட்டார். ஒவ்வொரு நாளும் தபால்காரர் கோபால் சைக்கிளை நிறுத்தாமல் மடத்தைத் தாண்டிப் போனார். ஏப்ரல் முதல் வாரம் நிறுத்தினார். கூட்டமைப்பின் செயலாளர், பெல்ஜியம் நாட்டுச் சிஸ்டர் கோடலீவ், தம் கையாலேயே எழுதியிருந்தார். நானூறு படிவங்கள் நிரப்பப்பட்டு வந்திருக்கின்றன, கேள்வி கேட்டு வந்தது ஒன்றே ஒன்று, அதைக் கேட்டு எழுதியவரே ஜெனீவாவுக்கு வந்து வாசிக்க வேண்டும், டிக்கெட் தயார்.

வியாகுலமேரி கடிதத்தோடு நேராக வயலுக்குப் போனார். "நான் மாட்டேன்," என்றார் செங்கேணியிடம். "எனக்குப் பசங்க முன்னாடிதான் பேச வரும். அவ்வளவு பெரிய சபையில் நின்னா எனக்குச் சிரிப்பு வந்துடும்."

"வந்தா சிரிங்கோ," என்றாள் செங்கேணி. "நாங்க கேட்டத நீங்க மாத்திக் கேக்காம இருந்தா போதும்."

வியாகுலமேரி பாஸ்போர்ட்டுக்காக மெட்ராஸுக்கு நாலு தடவை பஸ் ஏறினார். மதர் தன்னுடைய கம்பளிச் சட்டையைக் கொடுத்தார். அது அவருக்கு முழங்கால் வரை வந்தது. ஜூன் இரண்டாம் வாரம் ஜெனீவாவில் இறங்கியபோது அங்கே வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

மண்டபத்தைப் பார்த்ததும் அவருக்குத் திருவிழாக் கூட்டம் நினைவுக்கு வந்தது; சத்தம் மட்டும் இல்லை. ஒவ்வொருவர் மேசையிலும் காதில் மாட்டுகிற கருவி. மேலே சுவரோரம் கண்ணாடிக் கூண்டுகள், ஒவ்வொரு மொழிக்கும் ஒன்று. அதற்குள் உட்கார்ந்து, கீழே பேசுவதை அப்போதைக்கப்போது மொழிபெயர்த்துக் காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வியாகுலமேரிக்கு ஐந்து நிமிஷம் கொடுத்திருந்தார்கள். அவருக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாரும் சதவீதம் சொன்னார்கள். கணக்கு டீச்சருக்கே கடைசியில் எதுவும் மனசில் நிற்கவில்லை.

அவர் எழுந்து நின்று, ஒவ்வொரு கேள்வியையும் முதலில் தமிழில் வாசித்தார். இது அந்த அம்மாக்கள் சொன்னபடியே என்று விளக்கினார். பிறகு இங்கிலீஷில் வாசித்தார். மழைக் கேள்விக்கு மண்டபத்தில் கொஞ்சம் பேர் சிரித்தார்கள். சோறாக்கியது யார் என்ற கேள்விக்குப் பெண்கள் மட்டும் சிரித்தார்கள். வியாகுலமேரிக்குத் தைரியம் வந்தது. எட்டாவதாகப் பாஞ்சாலியின் கேள்வியை வாசித்தார்.

பாதி மண்டபம் காதுக் கருவியைத் தட்டிப் பார்த்தது. பிரெஞ்சுக் கூண்டிலிருந்து சத்தமே வரவில்லை. உள்ளே உட்கார்ந்திருந்த தலை நரைத்த பெண்மணி வாயைத் திறக்காமல் கண்ணாடி வழியாகக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேள்வியை மொழிபெயர்த்தார். அதோடு நிற்காமல் மேலும் ஏதோ பேசினார். பலர் திரும்பி மேலே பார்த்தார்கள். கூட்டத் தலைவர் தடுக்கக் கையை உயர்த்தப் போய், அப்படியே இறக்கிவிட்டார்.

"என்ன சொல்கிறார்?" என்று வியாகுலமேரி பக்கத்திலிருந்த சிஸ்டர் கோடலீவிடம் கேட்டார்.

கோடலீவ் குரலைத் தாழ்த்திச் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் சொந்தமாகப் பேசக் கூடாது, அது விதி. மன்னிக்க வேண்டும் என்றுதான் அந்த அம்மா ஆரம்பித்தாராம். தனக்கு மகன் பிறந்து ஏழாவது வாரம் இப்படியொரு கூண்டில் உட்கார்ந்து ஒரு மந்திரியின் நீண்ட பேச்சை மொழிபெயர்த்தாராம். சட்டை நனைந்துவிட்டது. கோட்டுப் பொத்தானைக் கழுத்து வரை போட்டு மறைத்துக்கொண்டு பேச்சை முடித்தாராம். மந்திரி தாய்மையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாராம். 'அந்தப் பெண்ணுக்கு என் பதில்: விடவில்லை' என்று முடித்தாராம்.

வியாகுலமேரிக்கு அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. இரண்டையும் அடக்கத் தெரியாமல் சிரித்துவிட்டார். மேலே கண்ணாடிக்குப் பின்னால் அந்த அம்மாவும் சிரித்தார். அதற்கப்புறம் மண்டபத்தில் வெகுநேரம் கைதட்டல்.

ஒன்பதாவது கேள்வியைத் தலைவர்தான் நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

வெளியே வந்ததும் ஆட்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். பதில்களைச் சீட்டுகளில் எழுதிக் கொடுத்தார்கள். போலந்து நாட்டிலிருந்து வந்த நெசவாலைத் தொழிலாளி ஒருத்தி, தங்கள் ஆலையில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை பால் கொடுக்க நேரம் உண்டு என்று எழுதினாள். கானா நாட்டு அம்மா ஒருவர், நாங்கள் முதுகில் கட்டிக்கொண்டே வேலை செய்வோம், அப்படியும் குனிந்தால் அழும் என்று எழுதினார். ஏழைகளைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டீர்களா என்ற கேள்விக்கு ஐரோப்பியப் பிரதிநிதி ஒருவர் 'இல்லை' என்று ஒரே வார்த்தை எழுதி, கீழே முழுப் பெயரைப் போட்டிருந்தார். கடைசியாக, சட்டம் படித்த ஒரு அதிகாரி தன் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: உங்கள் நாட்டிலேயே இந்தச் சட்டம் பல வருஷமாக இருக்கிறதே அம்மா. தொழிற்சாலைக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் உண்டு. வயலைத்தான் சேர்க்கவில்லை.

ஜூலையில் ஊர் திரும்பியதும் காலனிக் கோயில் வாசலில் பெண்களைக் கூட்டி வைத்து, சீட்டு சீட்டாக வாசித்தார். கூண்டுக்கார அம்மாவின் கதையை மூன்று தடவை சொல்லச் சொன்னார்கள். பாஞ்சாலி ஒவ்வொரு தடவையும் "கோட்டுக்குள்ளயா" என்று கேட்டாள்.

சட்டத்தைப் பற்றிச் சொன்னதும் முனியம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள். "இன்னா சிஸ்டரம்மா இது. நம்ம ஊரு சேதிய தெரிஞ்சிக்க நீங்க அவ்ளோ தூரம் பிளேன் ஏறிப் போவணுமா?"

"ஆமா முனியம்மா. எனக்கும் வெட்கமாத்தான் இருந்தது."

"வெக்கம் கெடக்கட்டும்," என்றாள் செங்கேணி. "ஜெனீவாலயே கேட்டாச்சி. பெரிய வூட்டு ஐயாவக் கேக்கறதுக்கு இன்னா?"

கேட்பதற்குள் பெரிய வீட்டு ஐயாவே மடத்துக்கு வந்துவிட்டார். முத்துகிருஷ்ணன் சத்தம் போடுகிற ஆள் இல்லை. ஆனால் ஊரில் அவர் கேட்டு யாரும் 'இல்லை' என்று சொல்லிப் பழக்கமில்லை. முகம் வாடியிருந்தது. வெளிநாட்டில் தன் பெயரைச் சொல்லிக் கெடுத்துவிட்டதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"பேர் சொல்லலைங்க," என்றார் வியாகுலமேரி. "யார் பேரையும் சொல்லலை."

அவர் மூச்சு விட்டார். மதர் கொடுத்த மோரைக் குடித்தார். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டவர், வாசலில் நின்று திரும்பினார். "ஊர் பேராவது சொன்னீங்களா?"

"சிறுவெண்பாக்கம்னு சொன்னேன்."

"அவங்களுக்கு வாயில வந்துதா?"

"வரலை. மூணு பேர் முயற்சி பண்ணாங்க."

அது அவருக்குக் கொஞ்சம் பிடித்திருந்தது போலத் தெரிந்தது.

சம்பா நடவுக்கு நாற்று தயாரானபோது, செங்கேணி கூட்டத்தோடு முத்துகிருஷ்ணன் வீட்டுப் பின்பக்கக் களத்துக்குப் போனாள். வியாகுலமேரியையும் கூட வரச் சொன்னாள். ஆனால் பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கணக்கு டீச்சர் கடைசி பெஞ்சுப் பிள்ளைபோல மாட்டுக் கொட்டகை ஓரமாக நின்றார்.

"பால் குடிக்கிற கொயந்த வச்சிருக்கறவங்க அஞ்சு பேருங்க ஐயா," என்றாள் செங்கேணி. "காலையில ஒரு தபா, சாயங்காலம் ஒரு தபா கரையேறிட்டு எறங்குவாங்க. மத்தவங்க வரிசைய பாத்துக்கறோம்."

"ஆளாளுக்குக் கரையேறிக்கினு இருந்தா நாத்து காஞ்சி போவும். வேதகிரி, நீ சொல்லு," என்றார் அவர், பக்கத்தில் நின்ற மேஸ்திரியிடம்.

வேதகிரி குடையின் நுனியால் தரையைக் கிளறினார். பிறகு, யாரும் எதிர்பாராத விதமாக, "கொயந்த அயுதா அவங்க கை நிக்குதுங்க," என்றார். "பாஞ்சாலி நட்ட வரிசையப் பாத்தா, எங்க அயுதுதுன்னு அங்கியே தெரியும். கோணலா போவுது."

முத்துகிருஷ்ணன் அவரை நம்பாமல் பார்த்தார். அந்த நேரத்தில் கொட்டகைக்குள்ளிருந்து அவர் மனைவி சொக்கம்மாள், கையில் பால் செம்போடு வெளியே வந்தாள். கன்று ஒன்று அவள் பின்னாலேயே கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தது.

"கன்னுக்குட்டிய ரெண்டு வேளையும் அவுத்து வுடறோம்," என்றாள் புருஷனிடம். "ஒரு வேளை மறந்தாக்கூட நீங்க என்னைத் திட்டறீங்க." சொல்லிவிட்டுச் செம்போடு உள்ளே போய்விட்டாள்.

வியாகுலமேரிக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு கன்றையே பார்த்தார். முத்துகிருஷ்ணன் தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைக்க வேண்டியதற்கு மேலும் துடைத்தார்.

"ரெண்டு வேளை," என்றார் கடைசியில். "வேதகிரி விசில் ஊதுவான். ஊதினா ஏறணும், மறுபடி ஊதினா எறங்கணும். பேசிக்கினு ஒக்காரக் கூடாது."

"ஒக்கார மாட்டோங்க," என்றாள் செங்கேணி, மிகவும் பணிவாக.

நடவு தொடங்கிய முதல் நாள், வியாகுலமேரி மருந்தகத்தை மதரிடம் விட்டுவிட்டு வயலுக்கு வந்திருந்தார். வேதகிரி புது விசிலைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, இரண்டு தடவை துடைத்து, ஊதினார். பழக்கமில்லாததால் சத்தம் பாதியில் நின்றது. மறுபடி ஊதினார். சேறு சொட்டச் சொட்ட ஐந்து பெண்களும் கரையேறி, காலைக் கழுவிக்கொண்டு, தூளிகளை நோக்கி ஓடினார்கள்.

ஐந்து குழந்தைகளும் தூங்கிக்கொண்டிருந்தன.

பாஞ்சாலி தூளியை விலக்கிப் பார்த்தாள். கன்னத்தைத் தொட்டாள். அது உதட்டைச் சப்பிக்கொண்டு இன்னும் ஆழமாகத் தூங்கியது. அவள் திரும்பி மேஸ்திரியைப் பார்த்தாள். "தூங்குது. எயுப்பட்டுமா?"

வேதகிரிக்கு இதற்கு உத்தரவு இல்லை. வயலுக்குள்ளிருந்து முனியம்மாள், "எயுப்பாதடி, பாவம்," என்று கத்தினாள். நட்டுக்கொண்டிருந்த வரிசை முழுக்கச் சிரித்தது.

பாஞ்சாலி மரத்தடியில் உட்கார்ந்தாள். பொழுது விடிந்ததிலிருந்து குனிந்திருந்த முதுகை அடிமரத்தில் சாய்த்தாள். காலை நீட்டினாள். ஒரு கையால் தூளிக் கயிற்றை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தவள், கொஞ்ச நேரத்தில் ஆட்டுவதை நிறுத்திவிட்டாள். கண் மூடியிருந்தது.

வேதகிரி விசிலை வாய்க்கு அருகே கொண்டுபோய் வைத்துக்கொண்டு நின்றார். வியாகுலமேரி அவரைப் பார்த்தார். அவர் விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, குடையைப் பாஞ்சாலி பக்கமாக விழுந்த வெயிலுக்குச் சற்றுச் சாய்த்துப் பிடித்தபடி, வாய்க்கால் தண்ணீரைப் பார்க்கத் தொடங்கினார்.